எஸ்.ஐ. மூட்டு வலி: பயிற்சியா, பெல்ட்டா, ஊசியா, அறுவை சிகிச்சையா?

முதுகின் அடியில், இடுப்புக் குழிக்குச் சற்றுக் கீழே, பெரும்பாலும் ஒரே பக்கமாக வலிக்கிறது. நாற்காலியிலிருந்து எழும்போதும், படுக்கையில் புரளும்போதும், பேருந்தின் உயரமான முதல் படியில் கால் வைக்கும்போதும் குத்துகிறது. எலும்பு மருத்துவர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். இயன்முறை மருத்துவர் பயிற்சியே போதும் என்கிறார். இடுப்பு விலகியிருக்கிறது, சுளுக்கு எடுப்பவரிடம் போனால் ஒரே தட்டில் சரியாகிவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். இன்னோரிடத்தில், மூட்டை உலோகத் துண்டு வைத்து இணைத்துவிடலாம் என்று செலவு மதிப்பீட்டுச் சீட்டையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். நால்வரும் பேசுவது முதுகெலும்பின் அடியிலுள்ள சேக்ரம் என்னும் முக்கோண எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோ இலியாக் மூட்டைப் பற்றி. மருத்துவர்கள் சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு என்பார்கள். நால்வரில் யார் சொல்வதைக் கேட்பது என்று தவிப்பவர்களுக்காக, ஒவ்வொரு வழியும் எதைத் தரும், எதை வாங்கிக்கொள்ளும் என்பதை இக்கட்டுரை எடைபோடுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நோய்க்காரணம் எவ்வளவு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. பயிற்சி தொடங்குவதற்கு ஓரளவு தெளிவு போதும். மூட்டை இணைப்பதற்கு ஐயமே இருக்கக் கூடாது. இரண்டாவது, திரும்ப முடியுமா என்பது. பெல்ட் ஒத்துவரவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம், எலும்புக்குள் இறக்கிய உலோகத்தை அப்படிச் செய்ய முடியாது. மூன்றாவது, பலன் தெரிய எத்தனை நாள் ஆகும், தெரிந்த பலன் எத்தனை நாள் நிற்கும் என்பது. நான்காவது, ரசீதில் வராத செலவு: விடுப்பு எடுத்த நாள்களின் கூலி, துணைக்கு வருபவரின் நாள், ஏறிவிடும் சர்க்கரை, தள்ளிப்போகும் சரியான சிகிச்சை. ஐந்தாவதை நோயாளிகள் கேட்பதே இல்லை. அந்தச் சிகிச்சையைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா என்பதுதான் அது. முதுகு வலி தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போது மருத்துவரிடம் போகிறோம், பிறகு அது குறைகிறது, அந்த நேரத்தில் எதைச் செய்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. எனவே இந்த ஐந்தாவது கேள்விக்குப் பதில் இல்லாத சிகிச்சையை நான் ஒரு படி கீழேதான் வைப்பேன்.

## தேர்வுக்கு முன்: வலி உண்மையில் அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதுகு வலிக்கெல்லாம் எஸ்.ஐ. மூட்டையே காரணமாகச் சொன்ன ஒரு காலம் இருந்தது. 1934இல் அமெரிக்க அறுவை மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கிய பிறகு பழி முழுவதும் வட்டின் மேல் விழுந்தது, எஸ்.ஐ. மூட்டு ஏறக்குறைய மறக்கப்பட்டது. அந்த மறதியின் மிச்சம் இன்றும் எம்.ஆர்.ஐ. அறிக்கைகளில் தெரிகிறது. நாற்பது வயதைக் கடந்த, வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் பலருக்கு வட்டு பிதுங்கியிருக்கும். அறிக்கையில் அந்த வரி இருக்கிறது என்பதற்காகவே வலி அங்கிருந்து வருவதாகக் கொள்ள முடியாது. மறுபுறம், நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ளவர்களில் ஏறத்தாழ 15 முதல் 30 சதவீதம் பேருக்கு எஸ்.ஐ. மூட்டே காரணம் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அப்படியானால் பெரும்பான்மையினருக்குக் காரணம் வேறு என்பதையும் அதே எண் சொல்கிறது.

வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால், இந்த மூட்டு வலி உள்ளவர் பெரும்பாலும் இடுப்புக் குழியை ஒட்டிச் சற்றுக் கீழே, உட்புறமாகக் காட்டுவார். வலி பிட்டத்துக்கும் தொடை இடுக்குக்கும் தொடையின் பின்புறத்துக்கும் பரவலாம். முழங்காலுக்குக் கீழே போவது குறைவு. இடுப்பை அழுத்தியும் விரித்தும், தொடையை மடக்கி மூட்டை நோக்கித் தள்ளியும், வலியைத் தூண்டிப் பார்க்கும் ஐந்தாறு சோதனைகள் உள்ளன. அவற்றில் தனியாக எதுவும் நம்பத்தக்கது அல்ல. மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்து அதே வலியை எழுப்பினால்தான் எஸ்.ஐ. மூட்டின் மேல் சந்தேகம் வலுக்கும். படுக்க வைத்து இந்தச் சோதனைகளைச் செய்யாமல், படத்தை மட்டும் பார்த்து எஸ்.ஐ. மூட்டு என்று சொல்லும் மருத்துவரிடம் அடுத்த கட்டச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, சுமையாலும் அசைவாலும் வரும் வலியையும் அழற்சியால் வரும் வலியையும் பிரித்தாக வேண்டும். இந்தப் பிரிவு தவறினால் கீழே வரும் ஒப்பீடு முழுவதும் பயனற்றுப் போகும். 45 வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு இறுகிக் கிடப்பது, பின்னிரவில் வலியால் விழிப்பு வருவது, ஓய்வெடுத்தால் கூடுவது, நடமாடினால் குறைவது ஆகியவை முதுகெலும்பையும் எஸ்.ஐ. மூட்டையும் தாக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை அழற்சி நோயின் குறிகள். கண் சிவந்து வலித்த வரலாறோ, சொரியாசிஸோ, நாள்பட்ட குடல் அழற்சியோ உடன் இருந்தால் சந்தேகம் கூடும். இவர்கள் போக வேண்டிய இடம் மூட்டுவாத நிபுணரின் அறை. இந்நோயோடு தொடர்புள்ள மரபணு அடையாளத்தைத் தேடும் எச்.எல்.ஏ. பி27 இரத்தப் பரிசோதனை இதற்கு உதவும். ஆனால் அது பாசிட்டிவாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் இந்நோய் வருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது, எஸ்.ஐ. மூட்டுகளுக்கான தனிப் படம் வேண்டும் என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வழக்கமான முதுகெலும்புப் படத்தில் இந்த மூட்டுகள் ஓரத்தில் அரைகுறையாகவே விழும். குழந்தை பெற்ற பின் சில மாதங்கள் வரை, நோய் ஏதும் இல்லாமலேயே இந்த மூட்டைச் சுற்றிய எலும்பில் நீர்கோத்ததுபோல் எம்.ஆர்.ஐ.யில் தெரியலாம் என்பதால், புதிய தாய்மார்களின் படத்தை அவசரப்பட்டு அழற்சி நோய் என்று படித்துவிடக் கூடாது.

காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த ஒருபக்க வலி என்றால், நம் நாட்டில் காசநோய் இந்த மூட்டையும் தாக்கும் என்பதை மறக்க முடியாது. எலும்பு மெலிந்த (ஆஸ்டியோபொரோசிஸ்) மூதாட்டிக்கு, விழாமலேயே சேக்ரத்தில் விரிசல் விழுந்திருக்கலாம். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். இந்த நிலைகளில் எதுவும் இல்லாதவர்களுக்கானது கீழே வரும் ஒப்பீடு.

| வழி | பலன் தெரிய | பலன் நிற்க | திரும்ப முடியுமா |
|---|---|---|---|
| பயிற்சி | 6 முதல் 12 வாரம் | தொடரும் வரை, சிலருக்கு ஆண்டுகள் | முடியும் |
| பெல்ட் | அணிந்த உடனே | அணிந்திருக்கும் வரை | முடியும் |
| கையால் தட்டுதல், சுளுக்கு எடுத்தல் | உடனே | சில நாள்கள் | பெரும்பாலும் முடியும் |
| மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி | சில நாள்கள் | சில வாரங்கள், சில மாதங்கள் | மருந்து தீர்ந்ததும் முடிந்தது |
| ஆர்.எஃப். (ரேடியோ அலை வெப்ப) முறையில் நரம்பைச் சுடுதல் | 2 முதல் 4 வாரம் | பலனளித்தால் 6 முதல் 12 மாதம் | நரம்பு மீண்டும் வளரும் |
| இணைப்பு அறுவை | மாதங்கள் | நிலையான மாற்றம் | முடியாது |

## பயிற்சி

எஸ்.ஐ. மூட்டு அசையும் அளவு மிகச் சிறியது. சுழற்சி சில டிகிரி, நகர்வு ஓரிரு மில்லிமீட்டர். மேலுடம்பின் எடை முழுவதையும் கால்களுக்குக் கடத்தும் இந்த இடத்தை ஓரளவு எலும்பின் வடிவமும் தசைநார்களும் பிடித்து வைத்திருக்கின்றன. மீதிப் பிடிப்பைத் தருவது தசைகளின் இழுவை. பிட்டத்தின் பெரிய தசை, அடிவயிற்றின் ஆழத்தில் குறுக்காக ஓடும் தசை, முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், இடுப்புத் தளத் தசைகள் ஆகியவை சரியான நேரத்தில் இறுகினால் மூட்டு சுமையைத் தாங்கும். பயிற்சியின் நோக்கம் இந்த இறுக்கத்தை மீட்பதுதான்.

பயிற்சிக்கான நல்ல சான்று பிரசவத்துக்குப் பிந்தைய வலியில் கிடைக்கிறது. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு வளைய வலி வருகிறது. பெரும்பாலோர் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள், ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் நீடிக்கிறது. அப்படி நீடித்த 81 பெண்களை வைத்து நார்வேயில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொருவருக்கும் ஏற்ப வகுத்த தசைப் பயிற்சியை 20 வாரம் செய்தவர்கள் மற்றவர்களைவிட வலியிலும் இயக்கத்திலும் தெளிவாக முன்னேறினார்கள். இரண்டாண்டு கழித்தும் அந்த வேறுபாடு நின்றது. பின்னர் ஸ்வீடனில், ஏறக்குறைய அதே வகைப் பயிற்சியை வீட்டில் செய்துகொள்ளச் சொன்ன ஆய்வில் அத்தகைய பலன் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது, பலன் பயிற்சியின் பெயரில் இல்லை, கண்காணிப்பிலும் சுமையைப் படிப்படியாக ஏற்றுவதிலும்தான் இருக்கிறது என்பது.

பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். பிசியோ போய்ப் பார்த்தேன், பலனில்லை என்று சொல்பவரிடம் அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டால், பத்து நாள் கரண்ட் வைத்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள் என்பார். படுத்திருப்பவருக்கு இயந்திரம் செய்யும் வேலை தசையை வலுப்படுத்தாது. அந்தப் பத்து நாளைப் பயிற்சியின் தோல்வி என்று கணக்கெழுதிவிட்டு ஊசிக்கும் அறுவைக்கும் நகர்ந்துவிடுபவர்கள் உண்மையில் முதல் வழியைத் தொடவே இல்லை. ஒழுங்கான பயிற்சித் திட்டத்தில், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவதும், ஒருக்களித்து மேல் முழங்காலைத் திறப்பதும் தொடக்க வாரங்களுக்கு மட்டும். ஆறாவது வாரத்துக்குள் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், படியேறுதல், எடையைத் தூக்குதல், ஒற்றைக் காலில் நிற்றல் என்று அன்றாட வேலையின் அளவுக்கு அது வளர்ந்திருக்க வேண்டும். செய்யும்போது இலேசான வலி எழுந்து மறுநாளைக்குள் அடங்கினால் தொடரலாம். மறுநாளும் கூடியே இருந்தால் அளவைப் பாதியாக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை.

பயிற்சியோடு சேர்ந்தது அன்றாடப் பழக்கத்தில் செய்யும் திருத்தம். குழந்தையையும் குடத்தையும் எப்போதும் ஒரே பக்க இடுப்பில் வைத்துத் தூக்குவது, இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் ஒருக்களித்து உட்கார்ந்து மேடுபள்ளத்தில் போவது, வண்டியை ஒற்றைக் காலால் உதைத்துக் கிளப்புவது, ஒற்றைக் காலில் நின்று கால்சட்டை மாட்டுவது ஆகிய எல்லாம் சுமையை ஒரு பக்க மூட்டில் ஏற்றுபவை. சில வாரங்களுக்கு இவற்றை மாற்றிக்கொண்டால் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். படுக்கையில் புரளும்போது இரு முழங்கால்களையும் சேர்த்து வைத்துத் திரும்புவதும், ஒருக்களித்துத் தூங்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பதும் இரவு வலியைக் குறைக்கும். தரையில் சம்மணமிட்டு உட்காரவே கூடாது என்று ஆயுள் தடை போடுவதை நான் ஏற்கவில்லை. தற்காலிகமாகக் குறைத்து, தேறத் தேற மீண்டும் பழக்குவதே இலக்காக இருக்க வேண்டும். பயந்து அசைவைக் குறைத்தவர்களின் தசை இன்னும் மெலிகிறது.

மறைந்திருக்கும் செலவு நேரம். வாரத்தில் மூன்று நாள், அரை மணியிலிருந்து ஒரு மணி வரை, நான்கைந்து மாதம் என்பது கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் நாள் கூலிக்குப் போகிறவருக்கும் எளிதன்று. தனியார் கிளினிக்கில் தினம் கட்டணம் கட்டுவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறமையான ஒருவரிடம் போய்ச் சரிபார்த்து அளவை ஏற்றிக்கொள்வது கட்டுப்படியாகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அடங்கும் என்பதால், நடமாட்டம் குறைந்த முதியவர்களுக்காக அதை விசாரிக்கலாம்.

## பெல்ட்

கடையில் இடுப்பு பெல்ட் என்று கேட்டால் பெரும்பாலும் வயிற்றையும் முதுகையும் சுற்றும் அகலமான லம்பார் பெல்ட்டைத்தான் தருவார்கள். எஸ்.ஐ. மூட்டுக்கு வேண்டியது குறுகிய பட்டை. இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பு வளையத்தைச் சுற்றி அது அமர வேண்டும். இடையில் கட்டினால் பயனில்லை. மூச்சு முட்ட இறுக்கவும் தேவையில்லை, மிதமான இழுவையே போதும் என்று அளந்து பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை ஓரடி அளவுக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். கால் கனக்கிறதா, வலிக்கிறதா என்று கவனித்த பின், வேறொருவர் இடுப்பின் இரு பக்கங்களையும் கைகளால் உள்நோக்கி அழுத்திப் பிடிக்க, மறுபடி தூக்க வேண்டும். கால் இலேசானால் பெல்ட் உங்களுக்கு உதவக்கூடும். எந்த மாற்றமும் இல்லை என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். கர்ப்பத்தின் பிற்பகுதிக்கும் பிரசவத்துக்குப் பின் வரும் முதல் மாதங்களுக்கும் இது மிகப் பொருத்தம், ஏனெனில் அந்தக் காலத்தில் மற்ற பல வழிகள் அடைபட்டிருக்கும். நாள் முழுவதும் கட்டிக்கொண்டு, அதையே சிகிச்சையாக நினைத்துப் பயிற்சியைத் தள்ளிப்போடுவதுதான் இதன் மறைமுகச் செலவு. நடக்கும்போதும் நின்று வேலை செய்யும்போதும் அணிந்து, மற்ற நேரத்தில் கழற்றிவிட வேண்டும். நம் வெயிலில் தோல் புண்ணாவதும் உண்டு.

## கையால் தட்டுதல், சுளுக்கு எடுத்தல்

மூட்டு நழுவிவிட்டது, இதோ உட்கார வைத்துவிட்டேன் என்ற விளக்கத்தை நம்புவதற்கு ஆதாரம் இல்லை. 1998இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு, கையால் மூட்டைத் தட்டுவதற்கு முன்னும் பின்னும் துல்லியமான எக்ஸ்ரே முறையில் அளந்து, மூட்டின் நிலை மாறவே இல்லை என்று காட்டியது. தொட்டுப் பார்த்துச் சோதித்தவர்களோ நிலை மாறிவிட்டதாகவே கருதினார்கள். ஆயினும் தட்டியதும் வலி குறைவது பொய்யல்ல. தசையின் இறுக்கம் தளர்கிறது, நரம்பு மண்டலம் வலியைச் சற்று நேரம் அடக்குகிறது. அந்தச் சில நாள் இலேசைப் பயிற்சி தொடங்குவதற்குப் பயன்படுத்திக்கொண்டால் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரின் கைச்சிகிச்சைக்கு ஓரிடம் உண்டு. எலும்பு மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், அழற்சி நோய் உள்ளவர்கள், நோய் இன்னதென்று தெரியாதவர்கள் ஆகியோர் திடீரென முறுக்கித் தட்டும் முறைகளைத் தவிர்க்க வேண்டும். இடுப்பு விலகல் என்ற பெயர் ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், எந்த அசைவிலும் மூட்டு நழுவிவிடுமோ என்ற அச்சமும் கூடவே வந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை தட்டிக்கொள்ளப் போகும் பழக்கம் அங்கிருந்து பிறப்பதுதான்.

## வலி மாத்திரை

குறுகிய காலத்துக்கு, உறக்கமும் நடையும் மீள்வதற்கு இது உதவும். இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கர்ப்பத்தில், குறிப்பாக 20ஆவது வாரத்துக்குப் பின், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் கருவுக்குத் தீங்கு செய்யும். அழற்சி வகை நோயில் மட்டும் இதே மாத்திரைகள் முதல்நிலைச் சிகிச்சையாகவே மாறுகின்றன, அதையும் நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும்.

## மூட்டுக்குள் ஊசி

இந்த ஊசிக்கு இரண்டு வேலைகள் உண்டு, இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தியதும் சில மணி நேரத்துக்கு வலி பெருமளவு மறைந்தால், வலியின் ஊற்று அந்த மூட்டுதான் என்று தெரிகிறது. உடன் செலுத்தும் ஸ்டீராய்டு அழற்சியைத் தணித்து, சில வாரமோ சில மாதமோ இலேசு தரலாம். என் கணிப்பில் முதல் வேலையே மதிப்புமிக்கது. ஆனால் பெரும்பாலானோர் ஊசி போட்ட அன்று வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறார்கள், அந்தத் தகவல் வீணாகிவிடுகிறது. அன்று ஊசிக்கு முன்னும், பின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், வழக்கமாக வலி தரும் செயல்களைச் செய்து, பத்துக்கு எத்தனை என்று தாளில் எழுதிவைக்க வேண்டும். அந்தத் தாள் பின்னால் வரும் எல்லா முடிவுக்கும் சான்றாக இருக்கும். ஒரே ஊசியின் பதில் சில சமயம் ஏமாற்றும் என்பதால், பெரிய முடிவுக்கு முன் இன்னொரு நாள் மீண்டும் சோதித்துப் பார்ப்பதும் உண்டு.

படக் கருவியின் உதவி இல்லாமல் கையால் தடவிப் பார்த்துப் போடும் ஊசியை ஏற்க வேண்டாம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், அப்படிப் போட்டவற்றில் 22 சதவீதம் மட்டுமே மூட்டுக்குள் சேர்ந்திருந்தன. உடனுக்குடன் திரையில் படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயின் கீழ் சாய மருந்து செலுத்திப் பார்த்துப் போடுவதே முறை. அறைக் கட்டணம், இரத்தப் பரிசோதனைகள், துணைக்கு ஆள், ஒருநாள் விடுப்பு ஆகியவை ஊசியின் விலையோடு சேரும். காப்பீடு இருந்தால், பகல்நேரச் சிகிச்சையாக இதை ஏற்பார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு சில நாள்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஊசி சிறந்த தேர்வாவது இரண்டு சமயங்களில். வலி மிகுந்து பயிற்சியே தொடங்க முடியாதபோது அது வாசலைத் திறந்து கொடுக்கும். மூன்று மாத ஒழுங்கான பயிற்சிக்குப் பின்னும் தேறாமல், நோய்க்காரணமே சரிதானா என்ற ஐயம் எழும்போது அது பதில் சொல்லும். ஊசி தந்த இலேசில் பயிற்சி செய்யாமல், அடுத்த ஊசிக்கு நாள் குறித்துக்கொண்டிருப்பது பணத்தையும் எலும்பின் வலுவையும் ஒருசேரக் கரைக்கும்.

## ஆர்.எஃப். முறையில் நரம்பைச் சுடுதல்

மூட்டின் பின்புறத்திலிருந்து வலியைக் கொண்டுசெல்லும் சிறு நரம்புக் கிளைகளை ரேடியோ அலையின் வெப்பத்தால் செயலிழக்கச் செய்வது இது. நரம்பு மீண்டும் வளர்வதால் ஓராண்டு அளவில் வலி திரும்பலாம். மூட்டின் முன்புறத்திலிருந்து எழும் வலிக்கு இது எட்டாது. சான்றுகள் இருவிதமாக நிற்கின்றன. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட சில சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் நெதர்லாந்தில் எஸ்.ஐ. மூட்டு வலி உள்ள 228 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியோடு இதையும் சேர்த்துச் செய்தவர்கள் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை. நோயாளிகளைத் தேர்ந்த முறையும் சுட்ட நுட்பமும் போதாது என்று அந்த ஆய்வின் மேல் விமர்சனமும் எழுந்தது. சோதனை ஊசியில் இருமுறையும் தெளிவான பலன் கண்டவருக்கு, அறுவைக்கு முந்தைய படியாக இதைக் கருதலாம். மற்றவர்களுக்கு அவசரமில்லை.

## இணைப்பு அறுவை

சிறு வெட்டின் வழியே முக்கோண வடிவ டைட்டானியத் துண்டுகளை இடுப்பெலும்பு வழியாகச் சேக்ரத்துக்குள் இறக்கி, மூட்டு அசையாமல் செய்வதே இன்று பரவலாகப் பேசப்படும் முறை. இந்த வகைக் கருவிக்கு 2008இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன்பின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், கருவி தயாரிப்பாளரின் ஆதரவோடு நடந்த ஆய்வுகளில் அறுவை செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட வெகுவாகத் தேறினார்கள். ஆயினும் அறுவை செய்துகொண்டோம் என்பது நோயாளிக்குத் தெரிந்திருந்தது. மற்ற குழுவினரோ முன்பே பலன் தராத சிகிச்சையைத் தொடர்பவர்கள். இந்தக் குறையை நீக்க, நார்வேயிலும் ஸ்வீடனிலும் 63 நோயாளிகளிடம், தோலை மட்டும் வெட்டி மூடும் போலி அறுவையோடு ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வெளியானது. ஆறு மாத முடிவில் இரு குழுவினருக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், ஆறு மாதக் கணக்குதான். என்றாலும் திரும்ப முடியாத ஒரு வழிக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறு வேண்டியதில்லை என்று கருதுகிறேன்.

மறைமுகச் செலவும் இங்கேதான் அதிகம். இறக்குமதிக் கருவியின் விலை, சில வாரங்கள் ஊன்றுகோலோடு நடப்பது, வேலைக்குத் திரும்புவதற்குள் போகும் மாதங்கள், அதற்குப் பின்னும் அதே பயிற்சியைச் செய்தாக வேண்டிய தேவை ஆகிய யாவும் சேர்கின்றன. துண்டு நரம்பின் அருகே பட்டால் காலில் புதிய வலி வரும், மறு அறுவை தேவைப்படும். விபத்தில் இடுப்பு வளையம் உடைந்து மூட்டு உண்மையிலேயே நிலையிழந்தவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இணைப்பு அவசியமான சிகிச்சை. ஏற்கனவே கீழ்முதுகெலும்பை இணைத்து, அதனால் சுமை முழுவதும் எஸ்.ஐ. மூட்டுக்கு இறங்கி வலிப்பவர்களுக்கும், எல்லா வழிகளும் முடிந்த பின், இதைப் பேசலாம்.

## யாருக்கு எது

கர்ப்பிணிக்குப் பெல்ட்டும் மிதமான பயிற்சியும் பழக்கத் திருத்தமும். எக்ஸ்ரேயின் கீழ் செய்யும் எதுவும் இப்போது வேண்டாம். பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் கடந்தும் வலி நின்றால், அது தானாகப் போய்விடும் என்று மாமியாரும் அம்மாவும் சொல்வதைக் கேட்டுக் காத்திராமல், கண்காணிப்போடு கூடிய 20 வாரப் பயிற்சியைத் தொடங்குவது முதல் தேர்வு. நாள் முழுவதும் நிற்கும் கடை ஊழியருக்கும் தொலைதூரம் வண்டி ஓட்டுபவருக்கும் பயிற்சி முதலில், அது தொடங்கவே முடியாத வலி என்றால் ஓர் ஊசி அதற்கு முன்னால். காலை இறுக்கம் உள்ள இளைஞருக்கு இந்த வரிசை எதுவும் பொருந்தாது. அவருக்கு வேண்டியது மூட்டுவாத நிபுணரின் மருந்து, அதைத் தாமதப்படுத்தும் ஒவ்வோர் ஆண்டும் முதுகெலும்பின் வளைவுத்தன்மையை இழக்கும் அபாயத்தைக் கூட்டுகிறது.

இணைப்பு அறுவைக்கான மதிப்பீட்டுச் சீட்டு ஏற்கனவே கையில் இருப்பவர், கையெழுத்திடும் முன் அறுவை மருத்துவரிடம் சில கேள்விகள் கேட்கலாம். எத்தனை தூண்டல் சோதனைகள் பாசிட்டிவாக இருந்தன, சோதனை ஊசி எத்தனை முறை போடப்பட்டது, அப்போது வலி எவ்வளவு குறைந்தது, அழற்சி நோய் இல்லை என்று எதை வைத்து முடிவு செய்யப்பட்டது, பலனில்லை என்றால் அடுத்து என்ன செய்வீர்கள் என்பவை அவை. பதில்கள் தெளிவாக இல்லை என்றால் அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத இன்னொருவரிடம் இரண்டாவது கருத்துப் பெற வேண்டும். அங்கே போகும்போது அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படங்கள் உள்ள சி.டி.யையும், ஊசி போட்ட அன்று மணிக்கு மணி எழுதிய குறிப்பையும், எந்தப் பயிற்சியை எத்தனை வாரம் எந்த அளவில் செய்தீர்கள் என்ற பட்டியலையும் எடுத்துச் செல்ல வேண்டும்.